பைக்குள் கிடக்கும் கண்ணாடி

கேள்வி: அக்காவுக்கு வணக்கம். எங்களுக்கு முக்கூடல் பக்கம் ஒரு கிராமம். வீட்டுக்காரர் கேரளாவில் கட்டட வேலைக்குப் போயிருக்கிறார். எனக்கு 42 வயது, பீடி சுற்றுகிறேன். மூத்தவள் ஆறாம் வகுப்பு. அஞ்சாப்பு வரைக்கும் நன்றாகப் படித்த பிள்ளை, இப்போது கணக்கில் பாதி மார்க்குகூட வாங்குவதில்லை. பள்ளிக்கூடத்தில் கண் சோதனை செய்து, இரண்டு கண்ணிலும் கிட்டப்பார்வை, மைனஸ் 2 என்று சொல்லி இலவசக் கண்ணாடி கொடுத்தார்கள். பிள்ளைகள் ‘சோடாபுட்டி’ என்று கேலி செய்வதால் அதைப் பையை விட்டு வெளியே எடுப்பதே இல்லை. “இந்த வயசுலயே கண்ணாடி மாட்டினா பவர் ஏறிக்கிட்டே போவும், நாளைக்கு எவன் வந்து கட்டுவான்? பொன்னாங்கண்ணிக் கீரையக் குடு, சரியாயிரும்” என்கிறார் என் அத்தை. இளையவன் ஒன்றாம் வகுப்பு, அவனுக்கு ஒரு குறையும் இல்லை. மகளைக் கட்டாயப்படுத்திப் போடச் சொல்லட்டுமா, கொஞ்ச நாள் கீரையைக் கொடுத்துப் பார்க்கட்டுமா? எழுத்து கோணலாக இருந்தால் மன்னிக்கவும். ராத்திரி வெளிச்சத்தில் எழுத்தெல்லாம் கலங்குகிறது.
– ஒரு வாசகி

பதில்: தங்கச்சி, கண்ணாடி போடத்தான் வேண்டும். நாளைக் காலையிலிருந்தே போடட்டும். கீரையும் கொடுங்கள், நல்லதுதான். ஆனால் கீரை பலன் தருகிறதா என்று பார்த்துக்கொண்டு கண்ணாடியைத் தள்ளிப் போடாதீர்கள்.

மைனஸ் 2 என்றால் என்ன என்று யாரும் உங்களுக்கு விளக்கியிருக்க மாட்டார்கள். உங்கள் மகளுக்கு அரை மீட்டர் வரைக்கும்தான் துலக்கமாகத் தெரியும். பீடித் தட்டை மடியில் வைத்துக்கொண்டு குனிந்திருக்கிறீர்களே, தட்டுக்கும் உங்கள் முகத்துக்கும் நடுவில் இருக்கும் தூரம், ஏறக்குறைய அவ்வளவுதான். அதைத் தாண்டினால் எல்லாம் கலங்கல். கரும்பலகையோ பதினைந்து இருபது அடி தள்ளி இருக்கிறது. அஞ்சாப்பு வரை நன்றாகப் படித்தாள் என்று எழுதியிருக்கிறீர்கள். ஊர்ப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் குறைவு, டீச்சர் பக்கத்திலேயே உட்கார்ந்து சொல்லிக்கொடுப்பார். ஆறாம் வகுப்பில் பெரிய அறை, பாடத்துக்கு ஒரு டீச்சர், கணக்கெல்லாம் போர்டில். கிட்டப்பார்வை வருவதும் ஏறுவதும் பெரும்பாலும் இந்த வயதில்தான். இரண்டும் ஒரே நேரத்தில் சேர்ந்துவிட்டன. உங்கள் மகள் படிப்பில் பின்தங்கிவிட்டாள் என்று நான் நினைக்கவில்லை. அவளுக்குப் பாடம் போய்ச் சேரவில்லை.

இதை நான் இவ்வளவு உறுதியாகச் சொல்ல ஒரு காரணம் உண்டு. சேரன்மகாதேவிப் பக்கம் நான் டீச்சராக இருந்தபோது என் வகுப்பில் ஒரு பிள்ளை. போர்டில் 48 என்று எழுதினால் அவள் நோட்டில் 43 என்று இருக்கும். அந்த 43-ஐ வைத்துக்கொண்டு ஒழுங்காகப் பெருக்கி, ஒழுங்காக விடை கொண்டுவந்திருப்பாள். நான் கடைசி வரியை மட்டும் பார்த்துச் சிவப்பு மையால் தப்புப் போட்டுக்கொண்டே இருந்தேன், ஒரு வருஷம் முழுக்க. “கவனம் எங்க இருக்கு ஒனக்கு?” என்று கையை நீட்டச் சொல்லி அடித்தும் இருக்கிறேன். அவள் வாயே திறக்கவில்லை. தனக்குக் கண் தெரியவில்லை என்று அவளுக்கே தெரியாது, தங்கச்சி. உலகமே இப்படித்தான் கலங்கலாக இருக்கும் போல என்று நினைத்துக்கொண்டிருந்தாள். மறுவருஷம் ஒரு கண் முகாமில்தான் தெரிந்தது. கண்ணாடி வாங்கிய அன்று பஸ் ஸ்டாப்பில் என் பக்கத்தில் நின்றாள். அதுவரைக்கும் வருகிற பஸ்ஸை எல்லாம் “அக்கா, இது எந்த ஊர் பஸ்?” என்று யாரிடமாவது கேட்டு ஏறிக்கொண்டிருந்தவள், அன்றைக்குத் தூரத்தில் பஸ் திரும்பும்போதே, “பா...ப...நா...சம்” என்று எழுத்துக் கூட்டி வாசித்தாள். அவள் பழைய நோட்டுகளில் நான் போட்ட சிவப்புக் கோடுகள் இன்றைக்கும் என்னை உறுத்துகின்றன. உங்கள் மகளின் கணக்கு நோட்டை இன்றைக்கு ராத்திரி எடுத்துப் பாருங்கள். கணக்குத் தப்பா, எடுத்து எழுதிய எண் தப்பா என்று பக்கத்து வீட்டுப் பிள்ளையின் நோட்டோடு வைத்துப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

கண்ணாடியால் மார்க் ஏறுமா என்று சந்தேகமாக இருந்தால் இதைக் கேளுங்கள். சீனாவின் கிராமப்புறங்களில் 250-க்கும் மேற்பட்ட பள்ளிகளில், பார்வைக் குறையுள்ள மூவாயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. 2014-இல் முடிவை வெளியிட்டார்கள். ஒரு கல்வியாண்டின் முடிவில், இலவசக் கண்ணாடி பெற்ற பிள்ளைகள் கணக்குத் தேர்வில் மற்றவர்களைவிட முன்னேறியிருந்தார்கள். பெற்றோரின் படிப்பு, வீட்டு வசதி இவையெல்லாம் மார்க்கில் உண்டாக்கிய வித்தியாசத்தைவிடக் கண்ணாடி உண்டாக்கிய வித்தியாசம் பெரிது. “நாம படிக்கல, நம்ம பிள்ளைக்கு எப்படி வரும்” என்று நம் ஊரில் எத்தனை தாய்மார் சொல்லிக் கேட்டிருக்கிறேன்! அதே ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது. முன்கூட்டிச் சொல்லாமல் வகுப்புக்குள் போய்ப் பார்த்தபோது, இலவசமாக வாங்கிய பிள்ளைகளில் பாதிப் பேர்கூடக் கண்ணாடி போட்டிருக்கவில்லை. பைக்குள்ளே வைத்திருப்பது உங்கள் மகள் மட்டுமில்லை.

பவர் ஏறும் என்று உங்கள் அத்தை பயப்படுகிறார். ஏறத்தான் செய்யும், ஆனால் அதற்குக் கண்ணாடி காரணமில்லை. கிட்டப்பார்வையில் கண்ணின் உருண்டை முன்னும் பின்னுமாக நீண்டு போகிறது. பிள்ளை வளரும் வயதில் அதுவும் நீளும். போட்டாலும் நீளும், போடாவிட்டாலும் நீளும். குறைந்த பவரில் கண்ணாடி கொடுத்தால் ஏறாமல் நிற்குமா என்றுகூட மலேசியாவில் பிள்ளைகளிடம் சோதித்துப் பார்த்தார்கள். 2002-இல் வெளியான முடிவின்படி, குறைத்துக் கொடுத்த பிள்ளைகளுக்குத்தான் பவர் அதிகம் ஏறியிருந்தது. வருஷத்துக்கு ஒருமுறை சோதித்து, தேவையான பவருக்கு மாற்றிக்கொண்டால் போதும். பள்ளி விட்டு வந்ததும் வீட்டுக்குள் அடையாமல் வெளியே வெயிலில் ஆடவிடுங்கள். சீனாவின் குவாங்சோவில் பள்ளிநேரத்தில் தினமும் 40 நிமிடம் கூடுதலாக வெளியே விட்டுப் பார்த்தார்கள். மூன்று வருஷத்தில் அந்தப் பள்ளிகளில் நூற்றுக்கு 30 பிள்ளைகளுக்குக் கிட்டப்பார்வை வந்தது. மற்றப் பள்ளிகளில் நூற்றுக்கு 40-ஐ நெருங்கியது. இது இன்னும் கிட்டப்பார்வை வராத உங்கள் இளையவனுக்குத்தான் கூடுதலாக உதவும்.

கீரை விஷயத்தில் உங்கள் அத்தையைக் கோபித்துக்கொள்ளாதீர்கள். அவர் காலத்தில் வைட்டமின் ஏ குறைந்து மாலைக்கண் வந்த பிள்ளைகள் நிறைய, பார்வையே போன பிள்ளைகளும் உண்டு. அது வராமல் தடுக்கக் கீரை உதவும். அவர் கண்ணால் கண்டதைச் சொல்கிறார். நீண்டுபோன கண்ணைக் கீரையால் சுருக்க முடியாது என்பதை மட்டும் பக்குவமாகச் சொல்லுங்கள். கல்யாணப் பேச்சை இப்போது எடுக்கவே வேண்டாம். பதினொரு வயதுப் பிள்ளை காதில் அது விழுந்தால் கண்ணாடியோடு சேர்த்துத் தன் முகத்தையும் வெறுக்கத் தொடங்கிவிடுவாள்.

கட்டாயப்படுத்தலாமா என்று கேட்டீர்கள். திட்டிப் போடவைத்தால் தெருமுனை வரைக்கும் போட்டிருப்பாள், அப்புறம் பைக்குள் போய்விடும். முதலில் அந்தக் கண்ணாடி அவள் முகத்துக்குப் பொருந்துகிறதா என்று பாருங்கள். மூக்கிலிருந்து வழுகுகிறதா, காதுக்குப் பின்னால் அழுத்துகிறதா? எந்தக் கண்ணாடிக் கடையிலும் ஐந்து நிமிடத்தில் வளைத்துச் சரிசெய்து கொடுப்பார்கள். ஃபிரேம் பிடிக்கவில்லை என்றால், கையில் காசு வரும்போது அவளே கடையில் நின்று பார்த்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கட்டும். அது வீண்செலவு இல்லை. முதல் சில நாள் தலை பாரமாக இருக்கும், தரை மேடு பள்ளமாகத் தோன்றும், பழகிவிடும். இரண்டு வாரம் கழித்தும் தலைவலித்தால் மறுபடி சோதிக்க வேண்டும். உங்கள் வீட்டில் பீடித் தூள் பறக்கும், அதனால் முந்தானையால் சும்மா துடைக்காதீர்கள், கீறல் விழுந்துவிடும். தண்ணீரில் கழுவிவிட்டு மெல்லிய பருத்தித் துணியால் ஒற்றி எடுக்கட்டும்.

கேலிக்கு, வகுப்பு டீச்சரை நேரில் போய்ப் பாருங்கள். புகாராகச் சொல்ல வேண்டாம். “டீச்சர், இவ கண்ணாடி போட்டிருக்காளான்னு தெனமும் ஒரு வார்த்த கேளுங்க” என்று சொன்னால் போதும். டீச்சர் எல்லார் முன்னாலும் ஒருநாள் “இந்தக் கண்ணாடி ஒனக்கு நல்லாயிருக்கு பிள்ள” என்று சொல்லிவிட்டால் பாதிக் கேலி நின்றுபோகும். என் வகுப்பில் நான் செய்து பார்த்ததைத்தான் சொல்கிறேன்.

இளையவனுக்கு ஒரு குறையும் இல்லை என்கிறீர்கள். எப்படித் தெரியும்? ஒரு கண் நன்றாக இருந்து மற்றது மங்கலாக இருந்தால் நல்ல கண்ணை வைத்தே பிள்ளை சமாளித்துவிடும். உள்ளங்கையால் ஒரு கண்ணை மூடச்சொல்லி, சுவரில் மாட்டிய காலண்டரில் தேதியைத் தூரத்திலிருந்து வாசிக்கச் சொல்லுங்கள். பிறகு மற்றக் கண். ஒரு பக்கம் தடுமாறினால் உடனே டாக்டரிடம் காட்ட வேண்டும். பயன்படாத கண் சோம்பேறியாகிவிடும். ஏழெட்டு வயதுக்குள் கவனித்தால் மீட்பது எளிது, வயது ஏற ஏறக் கஷ்டம். வாசித்துவிட்டாலும் ஒருமுறை டாக்டர் பார்ப்பது நல்லது.

பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரியில் கண் பிரிவு இருக்கிறது. திருநெல்வேலியில் 1988-இலிருந்து அரவிந்த் கண் மருத்துவமனை இருக்கிறது, அங்கே இலவசப் பிரிவும் உண்டு. அதைத் தொடங்கிய டாக்டர் வெங்கடசாமி எட்டயபுரம் பக்கத்து வடமலாபுரத்துக்காரர், நம் பழைய நெல்லைச் சீமைப் பிள்ளை. சிறுவயதில் பள்ளிக்கூடத்தில் பென்சிலும் தாளும் இல்லாமல், ஆற்று மணலைப் பரப்பி விரலால் எழுதிப் படித்தவர். முதல் அரவிந்த் ஆஸ்பத்திரியை 1976-இல் மதுரையில் 11 படுக்கைகளோடு ஆரம்பித்தார். காலையிலேயே போய்விடுங்கள். பிள்ளைகளுக்குச் சொட்டு மருந்து விட்டுப் கண்ணின் பாவையை விரித்துத்தான் சரியான பவரைக் கண்டுபிடிப்பார்கள். அன்றைக்கு முழுக்கக் கண் கூசும், எழுத்து மங்கும், பயப்பட வேண்டாம்.

கடைசியாக, நீங்கள் போகிறபோக்கில் எழுதிய ஒரு வரி. ராத்திரியில் எழுத்து கலங்குகிறது என்கிறீர்கள். 42 வயதில் அது பெரும்பாலும் வெள்ளெழுத்தாக இருக்கும், வயது ஏறும்போது கிட்டத்து எழுத்து கலங்குவது, எல்லாருக்கும் வருவது. அசாமில் தேயிலை பறிக்கும், நாற்பது வயதைத் தாண்டிய 751 தொழிலாளர்களை வைத்து நடந்த ஆய்வு 2018-இல் வெளியானது. கிட்டத்துக்குக் கண்ணாடி கிடைத்தவர்கள், கிடைக்காதவர்களைவிட ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் கூடுதலாகப் பறித்தார்கள். இலையை வெட்டி, தூளை நிரப்பி, நூலைச் சுற்றி முடிச்சுப் போடுகிற உங்கள் வேலையும் கண்ணை நம்பிய வேலைதான். கழிவு என்று கடையில் திருப்பிவிடுகிற பீடிகளில் எத்தனை கண்ணால் போனவை என்று யோசித்துப் பாருங்கள். அதனால் மகளை மட்டும் கூட்டிக்கொண்டு போகாதீர்கள். மூன்று பேரும் போங்கள், உங்களுக்கும் ஒரு சீட்டுப் போடுங்கள். வீட்டுக்கு வந்ததும் நீங்கள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தட்டோடு உட்காருங்கள். அவள் பக்கத்தில் வீட்டுப்பாடத்தோடு உட்காரட்டும்.