ஸ்காபரோவில் தனி வீடு, கூடவே ஒரு நாய்: ஒரு தம்பிக்குப் பதில்

தம்பி, நீங்கள் கேட்டது இதுதான். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து நண்பர்களோடு ரொறன்ரோவின் ஸ்காபரோ பகுதியில் ஒரு பேஸ்மென்ட்டைப் பங்கு போட்டு இருந்தீர்கள். இப்போது நிரந்தர வேலை கிடைத்து, தனியாக ஒரு படுக்கையறை வீடு தேடுகிறீர்கள். அந்த வீட்டில் ஒரு நாய் வளர்க்க ஆசை. வாடகை வீட்டில் விடுவார்களா, இந்தக் குளிருக்குள் சமாளிக்கலாமா, வேலைக்குப் போகிற தனி ஆளுக்கு இது சரிவருமா என்று கேட்டிருக்கிறீர்கள். நண்பர்கள் வீண் செலவு என்கிறார்கள். அம்மா போனில் "உனக்கே சமைச்சுச் சாப்பிட நேரமில்லை, நாய் எதுக்கு" என்று கேட்கிறா.

சரிவரும். நாயோடு பல வருடம் இந்த ஊரில் இருக்கிறவள் என்ற முறையில் சொல்கிறேன், நன்றாகவே சரிவரும். ஆனால் நீங்கள் கடைசியாகக் கேட்ட கேள்வியைத்தான் முதலில் கேட்டிருக்க வேண்டும். வாடகைச் சட்டம் பெரும்பாலும் உங்கள் பக்கம் நிற்கிறது. குளிருக்கு உடுப்பு இருக்கிறது. உங்கள் நாளில் அந்த நாய்க்கு எத்தனை மணித்தியாலம் இருக்கிறது என்பதைத்தான் வேறு யாரும் சரிசெய்து தர முடியாது.

முதலில் வீட்டைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நீங்கள் இன்னும் லீஸில், அதாவது வாடகை ஒப்பந்தத்தில், கையெழுத்து வைக்கவில்லை. ஒன்ராறியோவின் 2006ஆம் ஆண்டு வாடகைக் குடியிருப்புச் சட்டத்தில் 14ஆம் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. லீஸில் "செல்லப்பிராணி கூடாது" என்று எழுதியிருந்தாலும் அந்த வரி செல்லாது என்று அது சொல்கிறது. நீங்கள் குடிவந்த பிறகு நாய் வைத்திருக்கிறீர்கள் என்ற ஒரே காரணத்துக்காக வீட்டுக்காரர் உங்களை வீட்டைவிட்டு எழுப்ப முடியாது. நாய்க்கென்று தனியாக முற்பணம் கேட்கவும் முடியாது. கடைசி மாத வாடகையும், திருப்பித் தரக்கூடிய திறப்பு (சாவி) பணமும் மட்டும்தான் அவர் முற்பணமாக வாங்கலாம்.

இதைக் கேட்டுவிட்டுச் சந்தோஷத்தில் ஓடிவிடாதீர்கள். மூன்று இடத்தில் இந்தச் சட்டம் கைகொடுக்காது. கையெழுத்து வைக்கும் முன் உங்களிடம் நாய் இருப்பது தெரிந்தால், வீட்டை உங்களுக்குத் தராமல் விட வீட்டுக்காரருக்கு உரிமை உண்டு. கொண்டோ (ஒவ்வொரு வீட்டுக்கும் தனிச் சொந்தக்காரர் உள்ள மாடிக் கட்டடம்) என்றால், அந்தக் கட்டடத்தின் விதிகளை எழுதிய பிரகடனத்திலேயே நாய் கூடாது என்று இருந்தால் அது வாடகைக்கு இருப்பவரையும் கட்டும். சில கட்டடங்களில் நாயின் எடைக்கு வரம்பு வைத்திருப்பார்கள். மூன்றாவதுதான் எங்கள் ஆட்களுக்கு அடிக்கடி வருவது. வீட்டுச் சொந்தக்காரர் அதே வீட்டில் இருந்து, அவரோடோ அவருடைய கணவன், மனைவி, பிள்ளைகள், பெற்றோரோடோ நீங்கள் குசினியையோ குளியலறையையோ பகிர வேண்டியிருந்தால், அந்தச் சட்டமே உங்களுக்குப் பொருந்தாது. அவர் சொல்வதுதான் முடிவு. குசினியும் குளியலறையும் தனியாக உள்ள பேஸ்மென்ட் என்றால் பொருந்தும்.

மறைத்து வைத்துக் கையெழுத்து வாங்கிவிட்டுப் பிறகு நாயைக் கொண்டுவரலாமா என்று உங்கள் நண்பர் ஒருவர் ஆலோசனை சொன்னதாக எழுதியிருந்தீர்கள். சட்டப்படி முடியும். பெரிய அப்பார்ட்மென்ட் கட்டடத்தில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவும் மாட்டார்கள். ஆனால் மேல்மாடியில் வீட்டுக்காரக் குடும்பமும் கீழே நீங்களும் இருக்கிற வீட்டில் அப்படிச் செய்ய வேண்டாம். அந்த வீட்டில் ஒரு பிள்ளைக்கு ஒவ்வாமை இருக்கலாம், ஒரு அம்மம்மாவுக்கு நாய் என்றால் உயிர் போகிற பயம் இருக்கலாம். நாயால் கடுமையான ஒவ்வாமை வந்தாலோ, நாய் வீட்டைச் சேதமாக்கினாலோ, விடாமல் குரைத்து மற்றவர்களின் நிம்மதியைக் கெடுத்தாலோ, வீட்டுக்காரர் வாடகைத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். அதைவிட, தினமும் படியில் முகம் பார்க்கிறவர்களோடு மனக்கசப்பில் இருப்பது ஒரு வாழ்க்கையா? என் எண்ணத்தில், தனி பேஸ்மென்ட்டை விடப் பழைய வாடகை அப்பார்ட்மென்ட் கட்டடம்தான் உங்களுக்குப் பொருத்தம். கீழே இறங்கினால் புல் இருக்கிறதா, பக்கத்தில் பார்க் இருக்கிறதா என்று பாருங்கள். எலிவேட்டர் அடிக்கடி பழுதாகுமா என்று அங்கே இருப்பவர்களிடம் கேளுங்கள். நள்ளிரவில் நாய்க்கு வயிற்றுப்போக்கு வந்தால் இதன் அருமை தெரியும்.

சரி, இப்போது உங்கள் நாளுக்கு வருவோம். வேலை எட்டு மணித்தியாலம், பஸ்ஸும் சப்வேயும் சேர்த்துப் போய்வர இரண்டரை மணித்தியாலம், சில சனிக்கிழமைகளில் ஓவர்டைம் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியென்றால் நாய் ஒரு நாளைக்குப் பத்தரை மணித்தியாலம் பூட்டிய வீட்டுக்குள் தனியாக இருக்கும். வளர்ந்த நாய்கூட அவ்வளவு நேரம் சிறுநீரை அடக்கிக்கொண்டு இருப்பது கொடுமை. நாய்க்குட்டி என்றால் முடியவே முடியாது. ஊரில் எங்கள் நாய்கள் தனியாக இருந்ததே இல்லை, தம்பி. படலையடியில் படுத்திருக்கும், தெருவில் போகிறவரைப் பார்த்துக் குரைக்கும், ஒழுங்கை முழுவதும் சுற்றிவரும், பின்னேரம் அம்மா சோறு போடுவா. வீட்டில் எப்போதும் யாராவது இருப்பார்கள். இங்கே அந்த வளவு, ஒழுங்கை, ஆட்கள் எல்லாவற்றுக்கும் பதிலாக அதற்கு இருப்பது நீங்கள் ஒருவர்தான். இதை நான் பயமுறுத்தச் சொல்லவில்லை. ஊரில் நாய் வளர்த்த அனுபவம் இருக்கிறது என்று நம்பி வருகிற பிள்ளைகள் பலர் இந்த இடத்தில்தான் திணறுவதைக் கண்டிருக்கிறேன்.

ஆகவே நாயைத் தேடும் முன் நடுப்பகலை ஒழுங்கு செய்யுங்கள். வேலைக்குப் பக்கமாக வீடு எடுத்தால் பாதிப் பிரச்சினை தீரும். வாடகை கொஞ்சம் கூடினாலும் நான் அதைத்தான் தெரிவு செய்வேன். இல்லாவிட்டால் மதியம் ஒருமுறை வந்து வெளியே கூட்டிப்போக ஒருவர் வேண்டும். காசுக்கு நடத்திச் செல்கிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அதே கட்டடத்தில் ஓய்வு பெற்ற ஒருவரோ, நாய் ஆசை உள்ள ஒரு பல்கலைக்கழக மாணவியோ கிடைத்தால் அதைவிட நல்லது. காலையில் வேலைக்கு முன் குறைந்தது அரை மணித்தியால நடை, பின்னேரம் வந்ததும் இன்னொன்று, படுக்க முன் சின்னதாக ஒன்று. டிசம்பரில் ஐந்து மணிக்கு முன்பே இருட்டிவிடும், காலையில் எட்டு மணிக்குக் கிட்டத்தான் வெளிச்சம் வரும். ஆக இரண்டு நடையும் இருட்டுக்குள்தான். இப்படி ஒரு மாதம் நாயில்லாமலே நடந்து பாருங்கள் என்பேன். அதே நேரத்துக்கு எழும்பி, அதே தூரம். உங்களால் முடிகிறது என்றால் நீங்கள் ஆயத்தம்.

எந்த நாய் என்பதில் என்னிடம் ஒரே பதில்தான்: வளர்ந்த நாய். இரண்டு, மூன்று வயதுக்கு மேற்பட்டது. அதன் குணம் ஏற்கெனவே தெரியும், வெளியே போகப் பழகியிருக்கும், சோபாவைக் கடித்துக் குதறும் பருவம் தாண்டியிருக்கும். ரொறன்ரோ மாநகரின் விலங்குக் காப்பகங்களிலும் ரொறன்ரோ ஹியூமேன் சொசைட்டியிலும் அப்படிப்பட்டவை வீட்டுக்காகக் காத்திருக்கின்றன. அங்கே எடுத்தால் பெரும்பாலும் கருத்தடையும் தடுப்பூசியும் மைக்ரோசிப்பும் முடித்தே தருவார்கள். உங்கள் வேலை நேரத்தை அங்கே ஒளிக்காமல் சொல்லுங்கள். அதற்கு ஏற்ற நாயை அவர்களே காட்டுவார்கள். இணைய விளம்பரத்தில் வாகனத் தரிப்பிடத்தில் வைத்துக் குட்டி கைமாற்றுகிறவர்களிடம் போக வேண்டாம். தாய் நாயைக் காட்டாதவரிடம் குட்டி வாங்கக் கூடாது. இன்னொன்று, பிட்புல் வகை நாய்களுக்கு ஒன்ராறியோவில் 2005இலிருந்து தடை இருக்கிறது. வேறு மாகாணத்து நண்பர் தருகிறார் என்று வாங்கிவிட்டுப் பிறகு அழ வேண்டிவரும்.

வந்த முதல் சில நாள் அது சாப்பிடாமல் மூலையில் கிடக்கலாம். உங்களைப் பிடிக்கவில்லை என்று நினைக்காதீர்கள். நாங்களும் விமான நிலையத்திலிருந்து வந்த முதல் கிழமை அப்படித்தானே இருந்தோம். ஒரு வீட்டைத் தன் வீடு என்று நாய் நம்பச் சில மாதம் எடுக்கும். அந்த நாட்களில் விருந்தாளிகளைக் கூப்பிடாதீர்கள். தனியாக விடுவதைப் படிப்படியாகப் பழக்குங்கள். கதவைச் சாத்திவிட்டு ஐந்து நிமிடத்தில் திரும்பி வாருங்கள், பிறகு பத்து, பிறகு அரை மணித்தியாலம். இதற்காகவே ஒரு கிழமை விடுமுறை எடுத்தால் நல்லது. முதல் நாளே பத்து மணித்தியாலம் பூட்டிவிட்டுப் போனால் அது ஊளையிடும், பக்கத்து வீட்டிலிருந்து முறைப்பாடு வரும்.

குளிர் பெரிய விஷயமில்லை. மயிர் குறைந்த நாய்க்கும் சின்ன நாய்க்கும் கோட்டு வேண்டும். மைனஸ் இருபது நாட்களில் போன வேலை முடிந்ததும் திரும்பிவிடுங்கள். உண்மையான தொல்லை நடைபாதையில் கொட்டுகிற உப்பு. பாதம் வெடிக்கும், நக்கினால் வயிற்றைக் குழப்பும். வாசலில் இளஞ்சூட்டுத் தண்ணீரும் பழைய துவாயும் வைத்து ஒவ்வொரு முறையும் கழுவுங்கள், அல்லது பூட்ஸ் பழக்குங்கள். கார்களிலிருந்து ஒழுகும் அன்டிஃப்ரீஸ் (என்ஜின் தண்ணீர் உறையாமல் ஊற்றுகிற திரவம்) இனிப்பாக இருக்கும், கொஞ்சம் நக்கினாலே உயிராபத்து. கோடை வந்தால் ரூஜ் பள்ளத்தாக்குப் பக்கம் நடக்க ஆசை வரும், போக வேண்டிய இடம்தான். ஆனால் அங்கே லைம் நோயைப் பரப்பும் உண்ணிகள் உண்டு. திரும்பி வந்ததும் காதுக்குள், கக்கத்தில், விரலிடுக்கில் தடவிப் பாருங்கள், உங்கள் காலையும் பாருங்கள். கயிறில்லாமல் ஓடவிட தொம்சன் மெமோரியல் பார்க் போன்ற இடங்களில் வேலி போட்ட பகுதி இருக்கிறது. மற்ற இடமெல்லாம் கயிறு கட்டாயம். கார் இல்லை என்று சொன்னீர்கள். ரிரிசியில் (ரொறன்ரோவின் பஸ், சப்வே சேவை) நாயைக் கூட்டிப்போகலாம், வார நாட்களில் காலை 6:30 முதல் 10 வரையும் பின்னேரம் 3:30 முதல் 7 வரையும் மட்டும் முடியாது.

செலவில் உங்கள் நண்பர்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது. எங்களுக்கு ஓகிப் என்ற அரச மருத்துவக் காப்புறுதி இருக்கிறது, நாய்க்கு இல்லை. மிருக வைத்தியரிடம் எல்லாமே கைக்காசு. எதையாவது விழுங்கி அவசர சத்திரசிகிச்சை என்றால் ஆயிரக்கணக்கான டொலர் போகும். நாய் எடுத்த உடனேயே இன்சூரன்ஸ் போடுங்கள், நோய் வந்த பிறகு போட்டால் அந்த நோய்க்குத் தரமாட்டார்கள். அல்லது மாதாமாதம் ஒரு தொகையைத் தொடாமல் ஒதுக்குங்கள். மூன்று மாதத்துக்கு மேற்பட்ட நாய்க்கு ரேபிஸ் தடுப்பூசி சட்டப்படி கட்டாயம், மாநகர லைசென்ஸும் கட்டாயம். நுளம்பால் வருகிற இதயப்புழுவுக்கு வெப்ப மாதங்களில் மருந்து கொடுக்க வேண்டும். சாப்பாட்டில் ஒரு எச்சரிக்கை: எங்கள் கறி எதிலும் வெங்காயமும் உள்ளியும் (பூண்டு) இருக்கும், இரண்டும் நாய்க்கு நஞ்சு. ஊரில் கறிச்சோறு தின்று வளர்ந்ததே என்று கொடுக்காதீர்கள். முந்திரிகை (திராட்சை), பிளம்ஸ் (உலர்ந்த திராட்சை), சொக்லேட், சைலிட்டோல் என்ற இனிப்பூட்டி போட்ட சூயிங்கம், சமைத்த கோழி எலும்பு எதுவும் வேண்டாம்.

இவ்வளவு சுமையையும் சொல்லிவிட்டு ஏன் எடுக்கச் சொல்கிறேன் என்றால், தனி வீட்டின் முதல் பனிக்காலம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். வேலை முடிந்து வந்து, லைட்டைப் போட்டு, யாரோடும் கதைக்காமல் போனைப் பார்த்துக்கொண்டே தூங்குகிற கிழமைகள் வரும். நண்பர்களோடு இருந்த பேஸ்மென்ட்டில் சண்டையாவது இருந்தது. நாய் இருந்தால் நீங்கள் வெளியே போயே ஆக வேண்டும். எலிவேட்டரில் பெயர் கேட்பார்கள், உங்கள் பெயரை அல்ல, நாயின் பெயரை. ஆனால் அதிலிருந்துதான் கதை தொடங்கும். நான் இருக்கிற கட்டடத்தில் எனக்குத் தெரிந்த ஆட்களில் பாதிப் பேர் நாயால் வந்தவர்கள். நான் காய்ச்சலில் கிடந்தபோது என் நாயைக் கூட்டிப்போன பிலிப்பைன்ஸ் அம்மாவும் அப்படி வந்தவர்தான். பயப்படுகிறவர்களும் இருப்பார்கள், முக்கியமாக எங்கள் வயதானவர்களும் சின்னப் பிள்ளைகளும். அவர்கள் நின்றால் அடுத்த எலிவேட்டருக்குக் காத்திருங்கள், கயிற்றைக் கையில் சுருட்டிப் பிடியுங்கள்.

கடைசியாக, இரண்டு பேரை இப்போதே கேட்டு வையுங்கள். ஊருக்கு ஒரு மாதம் போகும்போது நாயைப் பார்த்துக்கொள்ள ஒருவர், அவருக்கும் முடியாமல் போனால் இன்னொருவர். நாய் விடுதியில் ஒரு மாதம் விட்டால் விமான ரிக்கெட் காசுக்குக் கிட்ட வந்துவிடும். வீட்டுக்காரர் தன் குடும்பத்துக்கு வீடு வேண்டும் என்று எழுப்பினாலும் இந்த இருவர்தான் துணை. அப்படி எழுப்ப அவர் குறைந்தது 60 நாள் முன்னறிவித்தல் தர வேண்டும், ஆனால் நாயோடு இன்னொரு வீடு தேட 60 நாள் சில நேரம் போதாது. அந்த இரண்டு பெயர்களையும், மதியம் யார் வருவார் என்பதையும் அம்மாவிடம் சொல்லுங்கள். பிறகு நாயின் படத்தை அனுப்பலாம்.