பதில்: பாதி நேரம் வரிசையிலேயே போகிறது

வணக்கம். எட்டு வயதுப் பிள்ளைகள் 16 பேர், 50 நிமிட ஐஸ் ஹாக்கி பயிற்சி, பாதி நேரம் வரிசையில் நின்றே போகிறது என்கிறீர்கள். முழு ரிங்கையும் (ஐஸ் மைதானத்தையும்) ஒரே பயிற்சிக்குக் கொடுப்பதுதான் சிக்கல். ரிங்கின் குறுக்கே போகும் இரண்டு நீலக் கோடுகளை வைத்து அதை மூன்றாகப் பிரியுங்கள், பிள்ளைகளையும் மூன்று குழுவாக; 10 நிமிடத்துக்கு ஒரு விசில், இடம் மாற்றம். ஒரு முனையில் ஸ்கேட்டிங் திருப்பங்கள், நடுவில் பக் (ஐஸில் சறுக்கும் ரப்பர் வட்டு) கட்டுப்பாடு, மறுமுனையில் குறுக்கே சின்ன கோல் வைத்து மூன்றுக்கு மூன்று ஆட்டம். ஆட்டத்துக்கு வரும் குழுவில் ஐந்து பேர்தான் இருந்தால் நீங்களே ஆறாவது ஆள்.

நேரம் போதாவிட்டாலும் ஆட்டத்தை மட்டும் வெட்டாதீர்கள். இடம் நெருக்கமானால் பிள்ளை தலை நிமிர்ந்து பார்த்தே ஆகவேண்டும். பக்கும் அடிக்கடி ஸ்டிக்குக்கு வரும்.

பலகையில் வரைந்து விளக்குவதை உடைமாற்றும் அறையிலேயே முடித்துவிடுங்கள். ஐஸில் பேச்சு நீண்டால் பின்னால் நிற்பவர்கள் ஸ்டிக்கால் பனி சுரண்டத் தொடங்கிவிடுவார்கள். கோல்கீப்பரை முதல் சுற்றில் தனியாக ஒருவர் கவனிக்கட்டும்.