ஷெட்டில் 5 வண்டி, அடகில் 15 பவுன்

கேள்வி: ஐயா, வணக்கம். கோவையில் ஒரு பம்ப்செட் தொழிற்சாலையில் மேற்பார்வையாளராக இருக்கிறேன். வயது 39. பிடித்தம் போகக் கைக்கு 58,000 ரூபாய் வருகிறது. தீபாவளிக்கு 40,000 ரூபாய் போனஸ் உண்டு. சொந்த வீடு. அதை ஒட்டிய ஷெட்டில் பழைய மோட்டார் சைக்கிள்களை வாங்கிப் பிரித்துப் புதுப்பிக்கிறேன்; சிலவற்றை என் விருப்பப்படி மாற்றியும் கட்டுகிறேன். மறைந்த அப்பாவின் யெஸ்டி ரோட்கிங்கில் தொடங்கிய பழக்கம் இது. இப்போது அந்த ரோட்கிங், இரண்டு புல்லட் (ஒன்று, பின்பக்கத்தைக் குறைத்து ஒற்றை சீட் போட்ட பாபராக மாற்றியது), ஒரு ஆர்.எக்ஸ். 100, பேப்பர் இல்லாத ராஜ்தூத் 350 என 5 வண்டிகள் நிற்கின்றன. சென்ற ஆண்டு வேறொரு ஆர்.எக்ஸ். 100-ஐ 1,20,000 ரூபாய்க்கு விற்று 25,000 ரூபாய் லாபம் பார்த்தேன். 2021-இல் மனைவியின் 15 பவுன் நகையை வைத்து 2 லட்சம் ரூபாய் வாங்கினேன். தங்கம் விலை ஏற ஏற, ஆண்டுதோறும் திருப்பி வைத்துக் கூடுதலாக வாங்கியதில் இப்போது கடன் 6,20,000 ரூபாய். வட்டி 12 விழுக்காடு. மனைவிக்கு 2 லட்சம் என்றுதான் தெரியும். ஒரு செயலியில், மாதம் ஒன்றரை விழுக்காடு வட்டியில், 36 தவணைக்கு 5 லட்சம் தனிநபர் கடன் தருகிறார்கள். அதில் பாதி நகையை மீட்டு, மீதியில் இன்னும் இரண்டு ராஜ்தூத் 350 வாங்கிப் போடலாம் என்றிருக்கிறேன். பழைய வண்டிகளின் விலை தங்கம் போல ஏறுவதால் 3 ஆண்டில் எல்லாவற்றையும் அடைத்துவிடலாம் அல்லவா? கணக்கு நோட்டு, நகைக்கடன் அட்டை இரண்டின் நகலையும் இணைத்திருக்கிறேன்.

பதில்: உங்கள் நோட்டை இரண்டு முறை படித்தேன். 35 ரூபாய் ஆயில் சீல் முதல் உக்கடத்துக்குப் போய்வந்த பஸ் கட்டணம் வரை தேதி போட்டு எழுதியிருக்கிறீர்கள். இவ்வளவு ஒழுங்காகக் கணக்கு எழுதுபவர்கள் எனக்கு வரும் கடிதங்களில் அபூர்வம். ஆனால் அந்தப் பக்கங்கள் எதிலும் வட்டி என்று ஒரு வரி கூட இல்லை. நீங்கள் மறைக்கவில்லை, உங்கள் கையிலிருந்து அது ஒருநாளும் போகவில்லை என்பதால் எழுதத் தோன்றவில்லை. ஆண்டுதோறும் திருப்பி வைக்கும்போது பழைய வட்டியைப் புதிய கடனிலிருந்தே பிடித்துக்கொண்டு மீதியைத் தந்திருக்கிறார்கள். உங்களை வருத்துவது பழைய வண்டி மோகம் அல்ல, இந்தத் திருப்பி வைக்கும் பழக்கம்தான். எனவே எந்தக் கடன் மலிவு என்ற உங்கள் கேள்விக்குள் போகும் முன் அட்டையில் உள்ள 5 தேதிகளைப் பார்த்துவிடுவோம்.

முதல் ஆண்டு 2,00,000 ரூபாய். அதன் வட்டி 24,000. இரண்டாம் ஆண்டு 2,80,000 ரூபாயாகத் திருப்பி வைத்தபோது கூடுதலான 80,000-இல் வட்டி போக உங்களுக்குக் கிடைத்தது 56,000. அடுத்த ஆண்டு 3,60,000 ஆக்கினீர்கள். 33,600 ரூபாய் வட்டிக்குப் போய்க் கைக்கு வந்தது 46,400. பிறகு 4,75,000 ஆனது. வட்டி 43,200, கைக்கு 71,800. கடைசியாக 6,20,000, வட்டி 57,000, கைக்கு 88,000. கூட்டிப் பாருங்கள். 5 முறையும் சேர்த்து நீங்கள் வாங்கிச் செலவழித்தது 4,62,200 ரூபாய். கட்ட வேண்டியது 6,20,000. இடையில் உள்ள 1,57,800 ரூபாய்க்கு ஒரு பிஸ்டன் கூட வரவில்லை. இன்றைய நிலையில் வட்டி மட்டும் ஆண்டுக்கு 74,400 ரூபாய், அதாவது நாளொன்றுக்கு 200 ரூபாய்க்கு மேல். நீங்கள் ஷெட்டைத் திறக்காத நாளிலும் அது ஓடிக்கொண்டிருக்கிறது.

தங்கம் விலை ஏறியது உங்களுக்கு நல்லதாகத் தோன்றியிருக்கிறது. இந்த இடத்தில்தான் சறுக்கினீர்கள். ஏறிய விலை நகைக்கு உரியவருக்குச் சேர வேண்டிய ஆதாயம். அவர் தாய்வீட்டிலிருந்து கொண்டுவந்த நகை அது. ஒவ்வோர் ஆண்டும் அந்த ஆதாயத்தைக் கழற்றி குரோம் பிளேட்டிங்காகவும் டயராகவும் மாற்றியிருக்கிறீர்கள். விலை ஏறும்வரை கடன் கொடுத்தவர் சிரித்த முகத்தோடு திருப்பி வைத்துக்கொள்வார். 2013-இல் நடந்ததுபோல் விலை திடீரென்று சரிந்தால், கூடுதல் தொகை கட்டுங்கள் அல்லது ஏலம் என்று கடிதம் வரும். அப்போது 2 லட்சம் என்று நினைத்துக்கொண்டிருக்கும் உங்கள் மனைவி அந்தக் கடிதத்தின் மூலம் உண்மையைத் தெரிந்துகொள்ள நேரிடும்.

இப்போது அந்த 25,000 ரூபாய் லாபம். நோட்டின்படி விற்ற ஆர்.எக்ஸ். 100-இன் கொள்முதல் 45,000, போரிங், பிஸ்டன், கிராங்க் வேலை 11,000, பெயின்டிங் 9,000, குரோம் 6,500, வயரிங் 5,500, டயர் 4,500, சீட் 2,000, ஆர்.சி. புதுப்பிப்பும் பெயர் மாற்றமும் 7,000. அலைச்சலும் கூரியரும் 4,500. மொத்தம் 95,000. கூட்டல் சரிதான். ஆனால் வண்டி உங்களிடம் 14 மாதம் இருந்தது. அந்தப் பணம் 12 விழுக்காட்டுக் கடன் பணம் என்பதால் வட்டி தோராயமாக 13,300. மிஞ்சுவது 11,700. ஞாயிறுதோறும் 8 மணி நேரம் என்று வைத்தாலும் 480 மணி நேரம் உழைத்திருப்பீர்கள். மணிக்கு 24 ரூபாய். பொழுதுபோக்குக்குக் கூலி பார்க்கக் கூடாது என்பீர்கள், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இந்த ஒரு விற்பனையைச் சான்றாக வைத்துத்தான் அடுத்த 5 லட்சத்துக்கு நியாயம் தேடுகிறீர்கள். பொழுதுபோக்கு என்றால் சம்பளத்தில் மிஞ்சியதில் செய்யுங்கள். தொழில் என்றால் வட்டியையும் கூலியையும் எழுதுங்கள். இரண்டுக்கும் நடுவில் நின்றுகொண்டு எது வசதியோ அதைச் சொல்லிக்கொள்வதில்தான் அட்டையில் கடன் ஏறியிருக்கிறது.

செயலிக் கடனைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மாதம் ஒன்றரை விழுக்காடு என்றால் ஆண்டுக்கு 18 என்று நினைத்திருப்பீர்கள். நீங்கள் அனுப்பிய தவணை விவரத்தைப் பார்த்தால், 3 ஆண்டும் முழு 5 லட்சத்துக்கே வட்டி போட்டிருக்கிறார்கள்: 2,70,000 ரூபாய். தவணை மாதம் 21,389. ஒவ்வொரு தவணையிலும் அசல் குறைந்துகொண்டே வருவதைக் கணக்கில் எடுத்தால் உண்மையான வட்டி ஆண்டுக்கு 30 விழுக்காட்டைத் தாண்டுகிறது. செயல்முறைக் கட்டணம் தனி. 12 விழுக்காட்டுக் கடனை அடைக்க 30 விழுக்காட்டுக் கடன் வாங்குவதற்கு இவ்வளவு அழகான திரை வடிவமைப்பு எதற்கு என்று அந்தச் செயலிகளைப் பார்க்கும்போதெல்லாம் யோசிப்பதுண்டு.

பழைய வண்டி தங்கம் போல என்ற பேச்சையும் இப்போது எங்கும் கேட்கிறேன். அதற்கு ‘மாற்று முதலீடு’ என்று பெயர் வேறு வைத்திருக்கிறார்கள். தங்கத்தின் விலை காலையில் செய்தித்தாளில் வந்துவிடுகிறது. எந்தக் கடைக்குப் போனாலும் கிட்டத்தட்ட அதே விலை. ஆர்.எக்ஸ். 100-க்கு அன்றைக்கு உங்கள் வாசலில் வந்து நிற்பவர் சொல்வதுதான் விலை. 1996-இல் உற்பத்தி நின்ற வண்டி என்பதால் கிராக்கி இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கிராக்கி ஒரிஜினலாக, பேப்பர் சுத்தமாக இருக்கும் வண்டிக்குத்தான். உங்கள் ஐந்தில் இரண்டு அப்படி இல்லை.

பாபராக மாற்றிய புல்லட்டின் புகைப்படத்தைப் பார்த்தேன். பின்பக்க மட்கார்டை எடுத்து, சேஸிஸின் பின்பகுதியை அரை அடி அறுத்து, வெல்டிங் வைத்து ஒற்றை சீட் போட்டிருக்கிறீர்கள். வெல்டிங் நேர்த்தியாக இருக்கிறது. அதைப் பாராட்டாமல் இருக்க முடியவில்லை. ஆனால் உற்பத்தியாளர் குறிப்பிட்ட விவரங்களும் ஆர்.சி.யில் உள்ள விவரங்களும் மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்பது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் இதை உறுதிப்படுத்தியது. அபராதம் ஒருபுறம் இருக்கட்டும். 15 ஆண்டு கடந்த வண்டிக்கு 5 ஆண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். அறுத்த சேஸிஸோடு அதற்கான சோதனைக்குப் போய் நிற்க வேண்டியிருக்கும். விபத்து என்று வந்தால், தெரிவிக்காத மாற்றத்தைக் காட்டி இன்சூரன்ஸ்காரர் கைவிரிக்கலாம். இவ்வளவையும் அறிந்தவர் உங்கள் வண்டியை முழு விலைக்கு வாங்க மாட்டார். அறியாதவருக்கு நீங்கள் விற்கக் கூடாது.

விண்டேஜ் பதிவு வாங்கிவிடலாம் என்றும் கடிதத்தின் ஓரத்தில் எழுதியிருக்கிறீர்கள். 2021-இல் வந்த அந்த விதிகள் 50 ஆண்டு கடந்த வண்டிக்குத்தான், அதுவும் சேஸிஸிலும் என்ஜினிலும் பெரிய மாற்றம் செய்யாத வண்டிக்கு. 1985-இல் அறிமுகமான ஆர்.எக்ஸ். 100-இல் முதலில் வந்ததற்கே 2035-இல்தான் 50 நிறையும். பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய்; அந்தப் பதிவோடு அன்றாடம் சாலையில் ஓட்டவும் முடியாது. இதை நம்பி விலை போட வேண்டாம்.

இனிச் செய்ய வேண்டியது. அடுத்த கெடு வரும்போது, விலை ஏறியிருக்கிறது, கூடுதலாகத் தருகிறோம் என்று தொலைபேசி வரும். வேண்டாம் என்பதைத் தவிர வேறு பதில் இல்லை. கெடுவுக்கு முன்பே மூன்றை விற்றுவிடுங்கள். மாற்றம் செய்யாத புல்லட், பேப்பர் சுத்தம். நீங்களே 1,40,000 ரூபாய்க்குக் கேட்டார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். ஷெட்டில் இருக்கும் ஆர்.எக்ஸ். 100-ஐ, பெயின்ட் அடித்தால் இன்னும் 30,000 கூடுதலாகப் போகும் என்று காத்திருக்காமல், இருக்கும் நிலையில் 70,000 ரூபாய்க்குக் கொடுங்கள். காத்திருந்தால் பெயின்டுக்கு 9,000, அதோடு நிற்காமல் குரோமுக்கு 6,500 என்று அது எங்கே போய் நிற்கும் என்பதை உங்கள் நோட்டே சொல்கிறது. ராஜ்தூத் 350-ஐ 1,10,000 கொடுத்து வாங்கியிருக்கிறீர்கள். ஆர்.சி. இல்லாத வண்டியை வண்டியாக விற்க நினைக்க வேண்டாம். திருட்டு வண்டி அல்ல என்பதற்குச் சான்றாக, விற்றவர் எழுதிக் கொடுத்த ரசீது இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால், சொந்தமாக அதே வண்டி வைத்திருப்பவர்களுக்கு உதிரிபாகமாகக் கொடுத்துவிடலாம். 90,000 வந்தால் போதும். 20,000 நட்டத்தை இன்றைக்கே ஏற்றுக்கொள்ளுங்கள். ரசீதும் இல்லை என்றால் அதைக் கணக்கிலேயே சேர்க்காதீர்கள்.

மூன்றும் சேர்ந்து 3 லட்சம் வந்தால் கடன் 3,20,000 ஆகும். அப்போது நகையை 2 அல்லது 3 கணக்குகளாகப் பிரித்து வைக்கச் சொல்லுங்கள். அப்படிச் செய்தால் வளையல் ஒரு முறை, ஆரம் ஒரு முறை என்று பகுதி பகுதியாக மீட்கலாம். ஒரே கணக்கில் இருந்தால் கடைசி ரூபாய் கட்டும்வரை ஒரு கிராமும் வெளியே வராது. அந்த நேரத்தில் பொதுத்துறை வங்கியிலும் உங்கள் பகுதிக் கூட்டுறவுச் சங்கத்திலும் வட்டி கேட்டுப் பாருங்கள். 2, 3 விழுக்காடு குறைந்தாலும் ஆண்டுக்கு 6,000 முதல் 9,000 ரூபாய் மிச்சம். ஷெட்டுக்கு மாதம் சம்பளத்திலிருந்து போகும் 9,000 ரூபாயையும், ஏதோ ஒரு துறை சார்ந்த மியூச்சுவல் ஃபண்டில் மாதாமாதம் போகும் 3,000 ரூபாய் எஸ்.ஐ.பி. முதலீட்டையும் இங்கே திருப்புங்கள். எஸ்.ஐ.பி.யை நிறுத்தச் சொன்னால் பலருக்குக் கோபம் வருகிறது. 12 விழுக்காட்டுக் கடனை வைத்துக்கொண்டு 12 விழுக்காடு வரலாம் என்ற நம்பிக்கையில் மாதந்தோறும் பணம் போடுவதற்குக் காரணம் எனக்குத் தெரியவில்லை. மாதம் 12,000 ரூபாயும், இரண்டு தீபாவளி போனஸும் சேர்ந்தால், இப்போதைய வட்டியிலேயே ஏறத்தாழ 2 ஆண்டில் கடன் முடிகிறது.

அந்த 2 ஆண்டும் ஷெட்டைப் பூட்டச் சொல்லவில்லை. பாபர் அங்கேயே நிற்கட்டும். அறுத்த துண்டை எறியாமல் வைத்திருந்தால் பழையபடி பொருத்த முடியுமா என்று பின்னால் பார்க்கலாம், இப்போது ஒரு ரூபாயும் வேண்டாம். நண்பர்களின் வண்டிக்கு என்ஜின் வேலை இலவசமாகச் செய்து கொடுத்ததாக நோட்டில் 7 இடத்தில் இருக்கிறது. பொருளை அவர்களே வாங்கித் தரட்டும், நீங்கள் கூலி வாங்குங்கள். அதுவே உங்கள் முதல் போடாமல் இந்த ஷெட்டில் வரக்கூடிய ஒரே வருமானம். நண்பர்களிடம் எப்படிக் கேட்பது என்று தயங்கினால், முதல் வண்டிக்கு வெளிப் பட்டறையில் வாங்குவதில் பாதி கேளுங்கள். அதற்கும் வராதவர்கள் உங்கள் ஞாயிற்றுக்கிழமைக்காகத்தான் வந்தவர்கள்.

மனைவியிடம் இந்த வாரமே சொல்லுங்கள். அட்டையைக் கையில் கொடுத்து, மேலே உள்ள 5 தொகைகளையும் காட்டிச் சொல்லுங்கள். புல்லட்டை விற்ற பிறகு சொல்லலாம் என்று ஒத்திப்போட வேண்டாம். எந்த நகையை முதலில் மீட்பது என்பதை முடிவு செய்ய வேண்டியவர் அவர்.

ரோட்கிங்கை விற்கச் சொல்வேனோ என்ற பயம் கடிதத்தில் தெரிந்தது. விற்க வேண்டாம். ஆனால் ஆர்.சி. இன்னும் அப்பாவின் பெயரில் இருக்கிறது என்றும், செய்தித்தாளில் சுற்றி வைத்திருக்கும் இரட்டை சைலன்சர் மட்டும்தான் பொருத்த வேண்டும் என்றும் எழுதியிருக்கிறீர்கள். சைலன்சரைப் பிறகு மாட்டலாம். இறப்புச் சான்றும் வாரிசுச் சான்றும் எடுத்துக்கொண்டு வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் முதலில் பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பியுங்கள். உடன்பிறந்தவர்கள் இருந்தால் அவர்களிடம் ஆட்சேபம் இல்லை என்று இப்போதே எழுதி வாங்கிவிடுங்கள்.