ஒளியைக் கேட்டுப் பார்த்தேன்

லேசர் நிறமாலை முறையில் வாயுக்களை அளக்கும் கருவிகளை வடிவமைக்கும் விஞ்ஞானி, வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.

கண்ணுக்கே தெரியாத வாயுவை லேசர் எப்படி அடையாளம் காண்கிறது மேடம்?
– பள்ளி மாணவி

ஒவ்வொரு மூலக்கூறும் தனக்கென்று சில அலைநீளங்களை மட்டும் விழுங்கும். அப்படி விழுங்கும் இடத்தைக் ‘கோடு’ என்போம். மீத்தேனுக்கு 1,654 நானோமீட்டர் அருகே ஒரு கோடு உண்டு, அம்மோனியாவுக்கு 1,512 அருகே. இரண்டுமே அகச்சிவப்பு. வாயுவின் ஊடே ஒளியைச் செலுத்தி, மறுபக்கம் எவ்வளவு குறைந்து வருகிறது என்று அளக்கிறோம். டயோடு லேசரின் வெப்பநிலையை ஒரு டிகிரி மாற்றினால் அலைநீளம் சுமார் 0.1 நானோமீட்டர் நகரும். மின்னோட்டத்தால் இன்னும் நுணுக்கமாக நகர்த்தலாம். அப்படி நகர்த்தி, அந்தக் கோட்டை இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைவரை தடவிப் பார்ப்பதுதான் என் அன்றாட வேலை.

நூறு கோடி மூலக்கூறுகளில் ஒன்றிரண்டைக்கூட அளக்கலாம் என்கிறார்களே, நம்பலாமா?
– வேதியியல் ஆசிரியர்

நம்பலாம். 99.99 சதவீதம் எதிரொளிக்கும் இரண்டு ஆடிகளை அரை மீட்டர் இடைவெளியில் எதிரெதிரே வைத்தால், உள்ளே புகுந்த ஒளி கசிந்து மங்குவதற்குள் சுமார் 5 கிலோமீட்டர் ஓடிவிடும். அதற்கு ஆகும் நேரம் ஏறத்தாழ 17 மைக்ரோ விநாடி. உள்ளே ஒளியை விழுங்கும் வாயு இருந்தால் அந்த நேரம் குறையும். நாங்கள் அளப்பது வெளிச்சத்தை அல்ல, நேரத்தை. அதனால் லேசரின் பிரகாசம் கொஞ்சம் ஏறி இறங்கினாலும் கவலையில்லை. 1988-இல் வெளிவந்த இந்த முறையை இன்றும் வியந்துதான் பார்க்கிறேன்.

உங்களை அதிகம் அலைக்கழித்த பிழை எது?
– பொறியியல் மாணவர்

அம்மோனியாக் கருவி ஒன்று. வாயுவை வைத்து அளக்கும் கலத்துக்குள் சுத்தமான நைட்ரஜனை மட்டுமே ஓடவிட்டிருந்தேன். திரையிலோ, அம்மோனியாவின் கோடு வரவேண்டிய இடத்தில் அழகான ஒரு மேடு! எங்கோ கசிகிறது என்று குழாயை மாற்றினேன், சிலிண்டரை மாற்றினேன், மூன்று வாரம் ஓடிவிட்டது. ஒருநாள் காலையில் எடுத்த வரைபடத்தையும் மதியம் எடுத்ததையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்த்தேன். மேடு நகர்ந்திருந்தது. ஒப்பீட்டுக்காக அம்மோனியா அடைத்து வைத்திருந்த சிறு கலத்தின் கோடோ இம்மியும் அசையவில்லை. நிஜமான அம்மோனியா என்றால் இரண்டும் ஒரே இடத்தில்தானே நிற்க வேண்டும்?

காரணம் கலத்தின் முகப்புக் கண்ணாடி. அதன் இரண்டு பரப்புகளுக்கிடையே ஒளி முன்னும் பின்னும் எதிரொளித்து, தன்னோடு தானே கூடியும் கழிந்தும் நெளிந்துகொண்டிருந்தது. அறை சூடேறியபோது கண்ணாடி துளி மாறியது, நெளிவும் இடம் மாறியது. பரப்புகள் இணையாக இல்லாத, ஆப்பு வடிவக் கண்ணாடியைச் சற்றுச் சாய்த்துப் பொருத்தினேன். மேடு போயே போய்விட்டது.

இதற்கு நேர்மாறான ஏமாற்றமும் அம்மோனியாவில் உண்டு. அது குழாயின் உட்சுவரில் ஒட்டிக்கொள்ளும். வாயு வந்துவிட்டிருக்கும், கருவி மட்டும் நிதானமாக ஏறும். அதனால் டெஃப்லான் குழாயை வெதுவெதுப்பாக வைத்துக்கொள்கிறோம்.

இந்தத் துறைக்கு வர என்ன படிக்க வேண்டும்?
– ஒரு தாய்

இயற்பியலோ வேதியியலோ எதுவானாலும் சரி. மின்னணுவியலும் கணினி நிரலும் கூடவே வேண்டும். குறிப்பேட்டில் தேதியோடு அறையின் வெப்பநிலையையும் எழுதும் பழக்கம் உங்கள் பிள்ளைக்கு இப்போதே வரட்டும். மேலே சொன்ன மூன்று வாரத்தை எனக்கு அது மிச்சப்படுத்தியிருக்கும்.

ஒளியைக் காதால் கேட்கலாம் என்று படித்தேன். உண்மையா?
– ஓய்வுபெற்ற வாசகர்

உண்மைதான் ஐயா. துண்டு துண்டாக வெட்டிய ஒளி பொருள்மேல் பட்டால் ஒலி எழும் என்று 1880-லேயே அலெக்சாண்டர் கிரகாம் பெல் கண்டறிந்தார். இன்று லேசரை விநாடிக்கு ஆயிரக்கணக்கான முறை ஏற்றி இறக்குகிறோம். ஒளியை விழுங்கும் வாயு சூடாவதும் ஆறுவதுமாக அழுத்த அலையை எழுப்ப, அதை மைக்ரோஃபோன் பிடித்துக்கொள்ளும். முதன்முதலில் மீத்தேனை நிரப்பி ஹெட்ஃபோனை மாட்டியபோது கொசு ரீங்காரம்போல ஒரு மெல்லிய ஒலி. சிலிர்த்துப்போனேன். பிறகு நைட்ரஜனை ஓடவிட்டேன். ரீங்காரம் தேய்ந்தது, ஆனாலும் அடியில் ஒரு முனகல் மிஞ்சியது. அது வாயு அல்ல, கலத்தின் முகப்புக் கண்ணாடியே விழுங்கிய ஒளியின் சத்தம். அன்று மாலை முழுக்க அந்த முனகலை அளந்து எழுதிவைத்த பிறகுதான் மீண்டும் மீத்தேன் வால்வைத் திறந்தேன்.