வேப்பிலைப் பற்று இருக்கட்டும், முதலில் சிறுநீரைப் பாருங்கள்

வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பூசியும் மூன்று வாரமாக ஆறாத, ஆறு வயது மகனின் சொறி சிரங்கைப் பற்றி இரண்டு பக்கம் எழுதியிருக்கும் நீங்கள், “இரண்டு நாளாகக் காலையில் கண் இமைகள் வீங்கியிருக்கின்றன, இரவெல்லாம் சொறிந்துகொண்டு தூங்காததால் இருக்கலாம்” என்று போகிற போக்கில் ஒரு வரி சேர்த்திருக்கிறீர்கள். உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் படுவது அந்த ஒரு வரிதான். இன்றே குழந்தையை அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்கோ குழந்தைகள் நல மருத்துவரிடமோ அழைத்துச் சென்று, சிறுநீரைப் பரிசோதிக்கவும் இரத்த அழுத்தத்தை அளக்கவும் சொல்லுங்கள். இந்தப் பகுதி அச்சேறும்வரை நீங்கள் காத்திருக்கக் கூடாது என்பதால், இதைத் தனியாகவும் உங்களுக்கு எழுதி அனுப்பியிருக்கிறேன்.

சிரங்குப் பூச்சி இரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தைத் தின்றுவிடும் என்று காணொளி ஒன்றில் பார்த்துப் பயந்திருக்கிறீர்கள். அது பொய். சிரங்கை உண்டாக்கும், அரை மில்லிமீட்டருக்கும் சிறிய அந்தப் பூச்சி, தோலின் மேலடுக்கைக் குடைந்து அங்கேயே முட்டையிட்டு அங்கேயே சாகும். அதற்குக் கீழே இறங்குவதில்லை. விரலிடுக்கிலும் மணிக்கட்டிலும் சில மில்லிமீட்டர் நீளத்துக்கு, பென்சிலால் லேசாகக் கீறியதுபோல் சாம்பல் நிறக் கோடு தெரிகிறதே, அதுதான் அதன் வளை. உடம்பு முழுவதும் அரித்தாலும், சாதாரணமாக ஒருவர் உடலில் இருப்பவை பத்துப் பதினைந்து பூச்சிகளுக்கு மேல் இல்லை.

ஆனால் சிறுநீரகத்துக்கு ஆபத்து வேறொரு வழியில் வரலாம். சொறிந்து புண்ணான தோலில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்னும் பாக்டீரியா குடியேறிச் சீழ் பிடிக்க வைக்கும். மகனின் விரல்களில் தேன் நிறத்தில் பொருக்குத் தட்டியிருப்பதாக நீங்கள் எழுதியிருப்பது பெரும்பாலும் இந்த வகைத் தொற்றுதான். அதை எதிர்க்க உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருள்கள், சில குழந்தைகளுக்கு, மூன்று வாரமோ அதற்கு மேலோ கழித்துச் சிறுநீரகத்தின் வடிகட்டிகளில் படிந்து அழற்சியை ஏற்படுத்துகின்றன. காலையில் முகமும் இமையும் ஊதியிருப்பது, சிறுநீர் குறைவது, அது டிக்காஷன் நிறத்தில் போவது, தலைவலி, வாந்தி ஆகியவை அதன் அறிகுறிகள். இரத்த அழுத்தம் ஏறி வலிப்பு வரும் வரை கவனிக்காமல் விடப்பட்ட குழந்தைகளும் உண்டு. உரிய நேரத்தில் பார்த்தால் பெரும்பாலான குழந்தைகள் முழுமையாகக் குணமடைகிறார்கள். உங்கள் மகனுக்கு இது இல்லாமலும் இருக்கலாம். ஆனால் அதைப் பரிசோதனைதான் சொல்ல வேண்டும், தூக்கக் கணக்கு அல்ல.

இனி நீங்கள் கேட்ட மூலிகை விஷயத்துக்கு வருகிறேன். வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பூசுவதை நான் ஏளனம் செய்யவில்லை. 1992-ல் வெளியான ஓர் ஆய்வில், சிரங்கு கண்ட 814 பேருக்கு அந்தப் பற்றையே பூசி, 97 சதவீதம் பேருக்கு 3 முதல் 15 நாளில் குணமானதாக எழுதினார்கள். இணையத்தில் எல்லோரும் எடுத்துப் போடும் எண் இதுதான். வேறு மருந்து பூசிய ஒரு குழுவை அருகில் வைத்து அந்த ஆய்வு ஒப்பிடவில்லை என்பதை மட்டும் யாரும் எடுத்துப் போடுவதில்லை. சரி, அந்த எண்ணை அப்படியே நம்பினாலும், பதினைந்து நாளில் ஆறியிருக்க வேண்டியது உங்கள் மகனுக்கு மூன்று வாரமாகியும் ஆறாமல் சீழ் வைத்திருக்கிறது. அந்த ஆய்வின் கணக்குப்படியே நீங்கள் ஒரு வாரத்துக்கு முன்பே நிறுத்தியிருக்க வேண்டும். குப்பைமேனியை உப்புடன் கசக்கிப் புண்ணில் தேய்த்ததும், குழந்தை அலறியதை “கிருமி சாகும் எரிச்சல்” என்று பக்கத்து வீட்டு அம்மாள் விளக்கியதும் எனக்குக் கோபத்தையே வரவழைக்கின்றன. தோலுரிந்த இடத்தில் உப்புப் பட்டால் எரியும், அதில் வைத்தியம் எதுவும் இல்லை.

எட்டு மாதக் கைக்குழந்தைக்கு முன்னெச்சரிக்கையாகச் சங்கில் இரண்டு சொட்டு வேப்பெண்ணெய் புகட்டலாமா என்று உங்கள் மாமியார் கேட்கிறார். கூடவே கூடாது. வேப்பெண்ணெய் குடித்த கைக்குழந்தைகள் வாந்தியும் மயக்கமுமாக, மூளை பாதிக்கப்பட்டு மருத்துவமனையில் சேர்க்கப்பட்டதை 1981-லேயே மலேசிய மருத்துவர்கள் லான்செட் மருத்துவ இதழில் பதிவு செய்திருக்கிறார்கள். மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய களிம்பு அரிப்பை ஒரே நாளில் அடக்கியதாகச் சொல்கிறீர்களே, அது ஸ்டீராய்டு கலந்ததாகவே இருக்கும். அரிப்பு அடங்கியிருக்க, பூச்சி நிம்மதியாகப் பெருகும். அதையும் நிறுத்துங்கள்.

சிரங்குக்கு வேண்டியது 5 சதவீத பெர்மெத்ரின் களிம்பு. ‘கெமிக்கல்’ என்று தயங்குகிறீர்கள். சாமந்தியின் உறவான பைரித்ரம் பூவில் இருக்கும் பூச்சிகொல்லிப் பொருளை முன்மாதிரியாகக் கொண்டு செய்யப்பட்ட மருந்துதான் அது. இரவில் கழுத்திலிருந்து பாதம் வரை, அரிக்கும் இடம் அரிக்காத இடம் என்று பார்க்காமல், விரலிடுக்கு, நக அடி, தொப்புள், தொடையிடுக்கு எதையும் விடாமல் பூசி, காலையில் குளிப்பாட்டுங்கள். இடையில் கை கழுவினால் கையில் மறுபடி பூசுங்கள். கைக்குழந்தைக்குக் கண்ணையும் வாயையும் தவிர்த்துத் தலையிலும் முகத்திலும் பூச வேண்டும் என்பதால், அதை மருத்துவர் பார்த்துச் சொல்லட்டும். ஒரு வாரம் கழித்து மீண்டும் ஒரு முறை. இதில் பெரும்பாலான வீடுகள் கோட்டைவிடுவது ஒரே இடத்தில்தான்: அரிப்பு இருக்கிறதோ இல்லையோ, வீட்டில் உள்ள அனைவரும் அதே இரவில் பூச வேண்டும். முதல் முறை தொற்றியவருக்கு அரிப்புத் தொடங்கவே நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். “எனக்கு ஒன்றுமில்லை” என்று ஒதுங்கும் அப்பாவிடமிருந்தே அடுத்த மாதம் மகனுக்குத் திரும்ப வரும். சீழ்ப் புண்ணுக்குத் தனியாக ஆன்டிபயாட்டிக் வேண்டும்.

மெத்தையை எரிக்க வேண்டாம். பூச்சி உடலை விட்டு இரண்டு மூன்று நாளுக்கு மேல் உயிர் வாழாது. அண்மையில் உடுத்திய துணிகளையும் விரிப்புகளையும் வெந்நீரில் துவைத்து வெயிலில் உலர்த்தினால் போதும், துவைக்க முடியாததைப் பையில் கட்டி ஒரு வாரம் ஒதுக்கி வையுங்கள். தெரு நாயிடமிருந்து ஒட்டியிருக்குமோ என்றும் சந்தேகிக்க வேண்டாம், நாயின் சொறி மனித உடலில் நிலைக்காது. சுத்தக் குறைவால் வந்தது என்று உறவினர்கள் பேசுவதைக் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம். தினம் இருவேளை குளிப்பவருக்கும் இது வரும்.

பூச்சி செத்த பிறகும் அரிப்பு இரண்டு முதல் நான்கு வாரம் இருக்கும். மருந்து வேலை செய்யவில்லை என்று நினைத்துத் தினமும் பெர்மெத்ரின் பூசவோ, மறுபடி குப்பைமேனி தேடிப் போகவோ வேண்டாம். ஒரு மாதத்துக்குப் பிறகும் புதிய கொப்புளங்கள் வந்தால் மட்டும் மருத்துவரிடம் காட்டுங்கள். முதல் முறை களிம்பு பூசிக் குளித்த மறுநாளே, சிறுநீரிலும் இரத்த அழுத்தத்திலும் குறை இல்லை என்று மருத்துவர் சொல்லிவிட்டால், மகனைப் பள்ளிக்கு அனுப்பலாம்.