குண்டு விழாத நேரத்தில் என்ன படம்?

கேள்வி: எங்கள் ஊர் திரைப்படக் கழகத்தில் உக்ரைன் போரைப் பற்றிய 'மரியுபோலிஸ் 2' ஆவணப்படம் பார்த்தேன். யாரோ வாசல் பெருக்குகிறார்கள், யாரோ சூப் காய்ச்சுகிறார்கள். இப்படியே ஏறக்குறைய இரண்டு மணி நேரம் ஓடுகிறது. போரே கண்ணில் படவில்லை. உயிரைப் பணயம் வைத்துப் போனவர் இதையா எடுக்க வேண்டும்? அதோடு, சாகக் கிடப்பவர்கள் நடுவே கேமராவைத் தூக்கிக்கொண்டு நிற்பது நியாயம்தானா?
- ஒரு வாசகர், கும்பகோணம்

பதில்: போர் கண்ணில் படவில்லையா? ஜெனரேட்டர் எடுக்க இரண்டு பேர் ஒரு வீட்டு முற்றத்துக்குப் போகிறார்களே, அங்கே பிணங்கள் கிடக்கின்றன. அவர்கள் பேச்செல்லாம் ஜெனரேட்டரைப் பற்றித்தான். கல்நெஞ்சக்காரர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். தேவாலயத்தில் ஒதுங்கியிருக்கும் ஜனங்களுக்கு மின்சாரம் வேண்டும். பிணத்தைப் பார்த்து நின்று அழ நேரமில்லாத நிலைக்கு மனிதர்கள் சில வாரங்களில் வந்துவிட்டார்கள் என்பதை எந்த வெடிப்புக் காட்சி உங்களுக்குச் சொல்லியிருக்கும்?

குண்டு வெடிப்பதைத் தொலைக்காட்சியில் நிறையப் பார்த்துவிட்டோம். சிரியாவின் அலெப்போவில் எழும் புகையும் உக்ரைனின் மரியுபோலில் எழும் புகையும் ஒரே மாதிரிதான் இருக்கும். அந்தப் புகைக்கு அடியில் அடுப்பு மூட்ட விறகு பொறுக்கியவர் யார், எந்தப் பாத்திரத்தில் காய்ச்சினார், எத்தனை பேருக்குப் பங்கிட்டார் என்று தெரியும்போதுதான் அது ஓர் ஊர் ஆகிறது.

படத்தை எடுத்த மாந்தஸ் க்வெடராவிச்சியஸ் லித்துவேனியாக்காரர், மானுடவியல் படித்தவர். அதே ஊர் மக்களின் அன்றாடத்தை 2016இலேயே ஒரு படமாக எடுத்திருந்தார். 2022 மார்ச்சில் ஊர் முற்றுகையில் இருந்தபோது, பழகிய மக்களைத் தேடித் திரும்பிப் போனார். உயிரோடு திரும்பவில்லை. அவர் எடுத்த காட்சிகளை வெளியே கொண்டுவந்தவர் அவருக்கு நிச்சயிக்கப்பட்டிருந்த ஹன்னா பிலோப்ரோவா. அந்த மே மாதமே பிரான்சின் கான் திரைப்பட விழாவில் படம் திரையிடப்பட்டது. நீங்கள் பார்த்தது மாந்தஸின் கையால் முடிக்கப்படாத படம். அந்தப் பெருக்குகிற காட்சியில் அவர் ஏன் அவ்வளவு நேரம் கேமராவை அசைக்காமல் வைத்திருந்தார் என்று ஒரு நிமிடம் யோசித்திருக்கலாம். வானம் இடித்துக்கொண்டே இருக்கிறது, கீழே ஒருவர் கண்ணாடித் துண்டுகளைக் கூட்டித் தள்ளுகிறார். நாளைக்கும் அந்த வாசலில் நடக்கவேண்டும் என்று நம்புகிறவர்தானே பெருக்குவார்?

சரி, இன்னொரு படம் சொல்கிறேன். 'ஃபார் சமா', 2019இல் வந்தது. வாத் அல்-கதீப் என்ற சிரியப் பெண் அலெப்போவில் பல ஆண்டுகள் எடுத்த காட்சிகள். கணவர் டாக்டர், வீடே ஆஸ்பத்திரிதான். மகள் சமா பிறந்தது 2016 புத்தாண்டு அன்று. அந்த ஆண்டு முடிவதற்குள் ஊரை விட்டே வெளியேறவேண்டி வந்தது. ரத்தம் நிறைய உண்டு அந்தப் படத்தில். ஆனால் எனக்கு மறக்காதது ஒரு பழம். முற்றுகையில் காய், பழம் எதுவும் கிடைக்காத நாட்களில் பக்கத்து வீட்டுக்காரர் தன் மனைவிக்கு ஒரே ஒரு பெர்சிமன் பழம் கொண்டுவந்து கொடுக்கிறார். அந்த அம்மாவின் முகத்தில் வரும் சந்தோஷம்! முற்றுகை என்றால் என்னவென்று அதைப் பார்த்துத்தான் எனக்கு உறைத்தது.

நமக்கு இது தெரியாத சங்கதியும் இல்லை. இலங்கைப் போரில், 2008 செப்டம்பரில், ஐ.நா. ஊழியர்கள் வன்னியிலிருந்து வெளியேற்றப்பட்டார்கள். வெளிப் பத்திரிகையாளர்களுக்கும் வழியில்லை. அந்தப் போரின் கடைசி மாதங்களிலிருந்து நம்மிடம் வந்து சேர்ந்த படங்களில் பெரும்பாலானவை பிணங்கள். பதுங்குகுழிக்குள் ஒரு தாய் பிள்ளைக்குத் தலை வாரியதை யாரும் எடுத்து வைக்கவில்லை. பிழைத்தவர்கள் ஆண்டுதோறும் மே மாதம் சிரட்டையில் உப்புக்கஞ்சி ஊற்றிக் கொடுத்துத்தான் அந்த நாட்களைச் சொல்லிக்கொள்கிறார்கள்.

அப்புறம், கேமராவைத் தூக்குவது நியாயமா என்றீர்கள். மரியுபோலில் குண்டடிபட்ட சிறுமியைப் பிழைக்கவைக்கப் போராடிய டாக்டர், படமெடுத்துக்கொண்டிருந்த செய்தியாளர்களிடம், இதைப் புதினுக்குக் காட்டுங்கள் என்றார். 2022 மார்ச் 9 அன்று அங்கே பிரசவ ஆஸ்பத்திரி தாக்கப்பட்டது. காயப்பட்ட கர்ப்பிணிகள் நடிகைகள் என்று ரஷ்யத் தரப்பு சொன்னது. அதே செய்தியாளர்கள் அந்தப் பெண்களைத் தேடிக் கண்டுபிடித்துப் படமெடுத்ததால்தான் அந்தப் பொய் நிற்கவில்லை. கேமராவைக் கீழே வைத்திருந்தால் யாருக்கு லாபமாகியிருக்கும்?

நீங்கள் கேட்காமல் விட்ட கேள்வி ஒன்று உண்டு, அதுதான் எனக்குக் கவலை. படத்தில் முகம் காட்டியவர்கள் அங்கேயே இருக்கிறார்கள். ஊர் கைமாறிய பிறகு அந்த முகமே அவர்களுக்கு எதிரான சாட்சியாகிவிடலாம். அல்-கதீப் என்பது வாத் தன் குடும்பத்தைக் காப்பாற்ற வைத்துக்கொண்ட புனைபெயர்தான். படமெடுப்பவர் பெயரை மாற்றிக்கொள்ளலாம்; சூப் காய்ச்சிய அம்மா முகத்தை எங்கே மாற்றுவார்? இதைப் பற்றி உங்கள் கழகத்தில் பேசிவிட்டு எழுதுங்கள், பக்கம் ஒதுக்குகிறேன்.