பூக்காத செடிக்குப் பூப்பெயர்

கேள்வி: ஜீப் பாதை வழியே பினாங்கு கொடிமலைக்கு நடந்து ஏறினோம். ஈரப்பாறையில் பாசிபோல் ஒட்டிக் கிடந்த கண்ணாடி இலைச் செடியைக் காட்டி, கூட வந்தவர் "ஹைமெனோஃபில்லம் பாலியாந்தோஸ்" என்றார். அப்படியென்றால் என்ன பொருள் சார்?
– ஒரு வாசகி, ஆயர் ஈத்தாம்

பதில்: அது ஒரு பெரணி, அதாவது ஃபெர்ன். பெயரின் முதல் சொல்லில் பொய்யே இல்லைம்மா. கிரேக்கத்தில் ஹைமென் என்றால் சவ்வு, ஃபில்லான் என்றால் இலை. நரம்பை விட்டால் மற்ற இடமெல்லாம் ஒரே ஒரு செல் கனம்தான். சின்ன வெங்காயம் உரிக்கும்போது உள்ளே ஒரு கண்ணாடித் தோல் வருமே, அந்த மாதிரி. மூச்சுத்துளை கிடையாது. மழையையும் மூடுபனியையும் இலையாலேயே குடிக்கும்.

மலை ரயிலில் நடுநிலையத்தில் இறங்கி வண்டி மாறிய காலத்தில், ஒரு கொத்தைக் கிள்ளிச் சட்டைப்பையில் போட்டேன். அடிவாரத்தில் எடுத்துப் பார்த்தால் தேயிலைத் தூள்போலச் சுருண்டிருந்தது. வீட்டில் தண்ணீரில் போட்டேன். இலை விரிந்ததே தவிர உயிர் வரவில்லை. அதோடு கிள்ளுவதை விட்டேன்.

இரண்டாவது சொல்தான் வம்பு. பாலி என்றால் பல, ஆந்தோஸ் என்றால் பூ. பெரணிக்கு ஏது பூ? மேற்கிந்தியத் தீவுகளைச் சுற்றிவந்த சுவீடன்காரர் ஓலோஃப் ஸ்வார்ட்ஸ் 1788இல் வைத்த சொல் இது. இலை நுனிகளைப் பாருங்கள்: இரண்டு உதடுகள் மூடினாற்போல் குட்டிக் குட்டி உறைகள். உள்ளே இருப்பது வித்துத்தூள். நுனிக்கு நுனி இருப்பதால் செடி மொட்டு விட்டமாதிரி தெரியும். அதைப் பார்த்துத்தான் 'பல பூ' என்றிருப்பார் என்பது என் கணிப்பு.

அவருக்கு முன்பே தாவரவியலாளர் லின்னேயஸ், பெரணி, பாசி, காளான் எல்லாவற்றையும் ஒரே பிரிவில் போட்டு 'மறைவான திருமணம்' என்று பெயரிட்டிருந்தார். பூவைக் காட்டாமலே குடும்பம் நடத்துகின்றனவாம்! நம்மவர்கள் களவு மணம் என்றிருப்பார்கள்.

ஒன்று கேட்க வேண்டும்: இலையோரம் வழவழவென்று இருந்ததா, பல் பல்லாக இருந்ததா? அடுத்த முறை லென்ஸ் கொண்டுபோங்கள். பல் இருந்தால் உங்கள் நண்பர் சொன்னது தப்பு. அது வேறு சவ்விலை.

கேள்வி: வீட்டில் வளர்க்கலாமா?
– அதே வாசகி

பதில்: அடுக்குமாடி பால்கனியில் ஒரு மதிய வெயில் தாங்காது. பெரணி ஆசை அடங்கவில்லையென்றால் சந்தையில் ஒரு கட்டு பூச்சோக் பாக்கு (பெரணித் தளிர்) வாங்கி, சம்பால் போட்டுப் பிரட்டுங்கள். மலாய்க்காரர் சொல்லும் பாக்கு அது, வெற்றிலையோடு மெல்லுவதல்ல.